காமாத்திபுரா பெண்களும் அம்பேத்கரும்

1891-ல் மாவ் நகரில் பிறந்த அண்ணல் அம்பேத்கரின் படிப்பும் பதவியும் எல்லோருக்கும் தெரியும். பம்பாயில் காமாத்திபுரா பெண்களிடம் அவர் பேசியது அதிகம் தெரியாது.

மராட்டியத்தில் முரளி, ஜோக்தினி என்று சிறுமிகளைச் சாமிக்கு நேர்ந்துவிடுவார்கள். அவரது மகார் சாதியிலும் இது நடந்தது. பிறகு பலர் பம்பாயின் விபசாரத் தெருக்களில் போய் விழுந்தனர். ஊர் அதை விற்பனை என்று சொல்லவில்லை, நேர்த்திக்கடன் என்றது. பெற்றவர்களும் அப்படியே நம்பினார்கள். தரகருக்குப் பாதி வேலை மிச்சம்!

1936 ஜூனில் பரேலில் அந்தப் பெண்களைக் கூட்டிப் பேசினார். மதம் மாறப்போவதாக அவர் அறிவித்திருந்த சமயம் அது. இந்தத் தொழிலை விட்டால்தான் எங்களோடு வரலாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார். சோற்றுக்கு என்ன செய்வது? வழி நூறு உண்டு என்றாரே தவிர, ஒன்றையும் காட்டவில்லை. விற்கப்பட்டவர்களிடம் இந்தக் கடுமை அதிகம்தான்.

பிறகு அவர் தலைமையிலான வரைவுக் குழு எழுதிய அரசியல் சாசனத்தின் 23-வது பிரிவு, மனிதரை விற்பதையும் வெட்டி வேலையையும் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1950 முதல் அது அமலில் இருக்கிறது. அரசுக்கு மட்டுமல்ல, பண்ணையார், தரகர், பெற்றவர் என யார் செய்தாலும் பொருந்தும்.