கரிவரதன்: மாருதி 800 இன்ஜினை ரேஸுக்கு இறக்கிய கோவைக்காரர்

கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் ரேஸ் டிராக்குக்கு ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ என்று ஏன் பெயர்? நிலக்கரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ‘கரி’ என்பது எஸ். கரிவரதன். இன்றைக்கு டிராக்கின் பெயர் தெரிந்த அளவுக்கு ஆளைத் தெரியாது.

லட்சுமி மில்ஸ் குடும்பத்துப் பிள்ளை. நூல், பஞ்சு என்று இருந்திருக்கலாம். ஆனால் அவருக்குக் கார் பைத்தியம். ஓட்டுவதோடு நிற்கவில்லை; காரை வரைந்து, வெல்டிங் வைத்து, கட்டியும் பார்த்தவர்.

அந்தக் காலத்து ரேஸ் என்றால் சென்னைக்கு வடக்கே சோழவரம்தான். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய போட்டிகளுக்குக் கூட்டம் அலைமோதும். ஆனால் ஓடிய கார்களைப் பார்த்தால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒரு பக்கம் ஃபியட், ஹெரால்டு இன்ஜின்களைக் குடைந்து உள்ளூரில் தேற்றிய வண்டிகள். இன்னொரு பக்கம் வெளிநாட்டிலிருந்து வந்த பழைய ரேஸ் கார்கள். விஜய் மல்லையா ஒரு ‘என்சைன்’ ஃபார்முலா 1 காரையே கொண்டுவந்து ஓட்டினார். பணம் இருந்தால் வேகம் இருக்கும், அவ்வளவுதான்.

இதைச் சரிசெய்யத்தான் தகுதி விதிகள். எந்தப் பிரிவில் எந்தக் கார் ஓடலாம், இன்ஜின் எத்தனை சிசி, எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பதெல்லாம் அதில் வரும். விதி இருந்தால் ஓட்டையும் இருக்குமே! 1960களின் தொடக்கத்தில் ‘ஜிடி’ பிரிவுக்கு 100 கார்களாவது தயாரித்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. இத்தாலியின் ஃபெராரி கட்டிய 250 ஜிடிஓ மொத்தமே 40-க்குள்தான். ஏற்கெனவே இருந்த மாடலின் மாறுபட்ட வடிவம் என்று கணக்குக் காட்டி அது உள்ளே நுழைந்துவிட்டது.

கரிவரதன் போனது வேறு வழியில். 1988 வாக்கில் அவர் கொண்டுவந்த ‘ஃபார்முலா மாருதி’ ஒரு பொதுக் கார். இரும்புக் குழாய்ச் சட்டம், ஒருவர் மட்டும் உட்காரும் இருக்கை, முதுகுக்குப் பின்னால் மாருதி 800-ன் 796 சிசி, 3 சிலிண்டர் இன்ஜின். அப்போது ஷோரூமில் வாங்கிய 800-ல் அதன் சக்தி 40 குதிரைத்திறனைக்கூடத் தொடவில்லை. ஆனால் கதவு, கூரை, பின்சீட்டு எல்லாம் போய் எடை குறைந்துவிட்டால் அதே இன்ஜினுக்கு வேறு முகம்.

இதில் விஷயமே இன்ஜின் தேர்வுதான். மதுரை கே.கே. நகர் பக்கம் இருக்கும் ஒர்க்‌ஷாப் மெக்கானிக்கும் கழற்றி மாட்டத் தெரிந்த சரக்கு. உதிரிபாகம் கப்பலில் வர வேண்டியதில்லை. எல்லோருக்கும் ஒரே இன்ஜின் என்றால் சோதனையும் சுலபம். இப்படிப்பட்ட போட்டிகளில் சந்தேகம் வந்தால் ரேஸ் முடிந்ததும் இன்ஜினைத் திறந்து சிலிண்டர் விட்டம், கேம்ஷாஃப்ட் எல்லாம் அளப்பார்கள். கூடுதலாகக் குடைந்திருந்தால் கோப்பை போச்சு. இறக்குமதி வண்டியோடு ஜெயிக்க வசதி உள்ள வீட்டிலிருந்து வந்தவர், அந்த வசதிக்கே மதிப்பில்லாத ஒரு ரேஸை உருவாக்கினார் என்பதுதான் இங்கே பெரிய விஷயம்.

அதற்காக ரேஸ் ஏழைகளின் விளையாட்டு ஆகிவிடவில்லை. டயர், பெட்ரோல், பயணம் என்று அப்போதும் செலவுதான். ஆனால் ‘கார் எங்கே கிடைக்கும்’ என்ற முதல் கேள்விக்குப் பதில் கிடைத்தது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்ததும் ஓட்ட இடமும் கிடைத்தது. கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் முதலில் பந்தயம் ஓட்டியது ஃபார்முலா மாருதியில். சென்னையின் கருண் சந்தோக்கும் அதே வழியாக வந்தவர்தான்.

1995 ஆகஸ்ட்டில் ஒரு விமான விபத்தில் கரிவரதன் இறந்துபோனார். செட்டிபாளையம் டிராக் அவருடைய பெயரோடு திறக்கப்பட்டது 2003-ல். அதற்கு 2 வருஷம் கழித்து, 2005-ல், ஜோர்டான் அணிக்காக நரேன் மெல்போர்னில் இறங்கினார். ஃபார்முலா 1-ல் ஓடிய முதல் இந்தியர். அதைப் பார்க்கக் கரிவரதன் இல்லை.