மூச்சில் பரவிய பிளேக்: ஹார்பின் நகரைக் காத்த மருத்துவர் வூ லியென்-தே

பிளேக் நோயை எலிகளும் அவற்றின் தெள்ளுப்பூச்சிகளுமே பரப்புகின்றன என்று மருத்துவ உலகம் கருதிய காலத்தில், மனிதரின் மூச்சின் வழியாகவும் அது பரவும் என்பதை நிறுவியவர் மருத்துவர் வூ லியென்-தே.

மலேசியாவின் பினாங்கில் 1879-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் தேதி, பொற்கொல்லர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். கல்வி உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். பின்னர் சீனாவின் டியான்ஜின் நகர ராணுவ மருத்துவக் கல்லூரியில் துணை இயக்குநரானார்.

1910-ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் மர்ம நோய் ஒன்று பரவியது. சீன அரசின் ஆணைப்படி டிசம்பர் 24-ஆம் தேதி வூ ஹார்பின் நகரை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 31. அந்நகரை ஒட்டிய ஃபூஜியாடியன் பகுதியில் சுமார் 24 ஆயிரம் பேர் நெருக்கடியில் வாழ்ந்தனர். கடுங்குளிரால் தொழிலாளர்கள் தாழ்வான விடுதி அறைகளில் அடைந்து கிடந்தனர்.

அங்கு இறந்த ஜப்பானியப் பெண் ஒருவரின் உடலை வூ இரகசியமாகக் கூறாய்வு செய்து, பிளேக் கிருமிகளைக் கண்டறிந்தார். பிடிபட்ட எலிகளிலோ அக்கிருமி இல்லை. எனவே, இது நோயாளியின் இருமலால் பரவும் நுரையீரல் பிளேக் என்று முடிவு செய்தார். பஞ்சும் மெல்லிய துணியும் கொண்ட முகக்கவசத்தை அனைவரும் அணிய வலியுறுத்தினார்.

பிரெஞ்சு மருத்துவர் ஜெரால்டு மெஸ்னி இதனை ஏற்கவில்லை. கவசமின்றி நோயாளிகளைப் பரிசோதித்த அவர், சில நாள்களில் அதே நோயால் உயிரிழந்தார். அதன் பின்னரே முகக்கவசத்தைப் பலரும் ஏற்றனர்.

வூ ஃபூஜியாடியனை நான்கு பிரிவுகளாகப் பிரித்தார். குழுக்கள் வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கண்டறிந்தன. அவர்களுடன் பழகியோர் ரயில் பெட்டிகளில் தனிமைப்படுத்தப்பட்டனர். ஒரு பிரிவிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது.

பனியில் உறைந்த நிலத்தைத் தோண்ட இயலாததால், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்கள் புதைக்கப்படாமல் கிடந்தன. முன்னோரின் உடலை எரிப்பது சீன மரபுக்கு முரணானது. ஆயினும் வூ அரசவையின் அனுமதியைக் கோரிப் பெற்றார். 1911 ஜனவரி 31-ஆம் தேதி உடல்கள் எரியூட்டப்பட்டன. அதன்பின் உயிரிழப்பு படிப்படியாகக் குறைந்து, மார்ச் தொடக்கத்தில் ஹார்பினில் நோய் ஓய்ந்தது. எனினும், ஃபூஜியாடியன் மக்களில் ஏறக்குறைய கால் பங்கினர் அதற்குள் மாண்டிருந்தனர். மஞ்சூரியா முழுவதும் உயிரிழந்தோர் சுமார் 60 ஆயிரம் பேர்.

அதே ஆண்டு ஏப்ரலில் முக்டென் நகரில் கூடிய சர்வதேச பிளேக் மாநாட்டுக்கு வூ தலைமை வகித்தார். 1935-இல் நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். ஜப்பானியப் படையெடுப்பை அடுத்து 1937-இல் மலாயா திரும்பி, ஈப்போ நகரில் மருத்துவம் பார்த்தார். 1960-ஆம் ஆண்டு ஜனவரி 21-ஆம் தேதி, பிறந்த ஊரான பினாங்கில் காலமானார்.

நோயாளியைத் தேடிச் செல்லுதல், தொடர்பில் இருந்தோரைத் தனிமைப்படுத்துதல், முகக்கவசம் அணிதல் ஆகிய அவரது வழிமுறைகளே, நூறாண்டுகளுக்குப் பின் கொரோனா பெருந்தொற்றின்போதும் உலகின் முதற்கட்டப் பாதுகாப்பாக அமைந்தன.