கிரேஸ் ஹாப்பர்

கிரேஸ் மரே ஹாப்பர் (டிசம்பர் 9, 1906 – சனவரி 1, 1992) அமெரிக்கக் கணிதவியலாளரும் கணினி அறிவியலாளரும் கடற்படை அதிகாரியும் ஆவார். மனிதர் எழுதும் நிரலைக் கணினி இயக்கக்கூடிய கட்டளைகளாக மாற்றித் தரும் தொகுப்பி (கம்பைலர்) என்னும் மென்பொருளை உருவாக்கிய முன்னோடிகளுள் இவர் ஒருவர். ஆங்கிலச் சொற்களைக் கொண்டு நிரல் எழுத உதவிய ஃபுளோ-மேட்டிக் மொழி இவரது தலைமையில் உருவானது. வணிகத் துறையில் பெரிதும் பயன்பட்ட கோபோல் மொழிக்கு அதுவே முதன்மையான முன்மாதிரியாக அமைந்தது. நிரலாளர் செய்யும் பிழைகளைக் குறைப்பது எப்படி, நேர்ந்த பிழையைக் கண்டறிவது எப்படி என்ற கேள்விகள் இவரது பணிகள் பலவற்றுக்கும் தொடக்கமாக இருந்தன.

இளமையும் கல்வியும்

ஹாப்பர் நியூயார்க் நகரில் மூன்று குழந்தைகளுள் மூத்தவராகப் பிறந்தார். இயற்பெயர் கிரேஸ் புரூஸ்டர் மரே. ஏழு வயதில், மணியடிக்கும் கடிகாரம் எவ்வாறு இயங்குகிறது என்று அறிய விரும்பி வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டார். அதன்பின் அவர் தாயார், ஒரு கடிகாரத்தை மட்டும் வைத்துக்கொள்ள அனுமதித்தார்.

1928-இல் வாசர் கல்லூரியில் கணிதத்திலும் இயற்பியலிலும் இளநிலைப் பட்டம் பெற்றார். யேல் பல்கலைக்கழகத்தில் 1930-இல் முதுநிலைப் பட்டமும் 1934-இல் கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். 1931 முதல் வாசர் கல்லூரியில் கணிதம் கற்பித்தார். 1930-இல் வின்சென்ட் ஹாப்பரை மணந்தார். 1945-இல் இருவரும் மணவிலக்குப் பெற்றனர். எனினும் ஹாப்பர் என்ற பெயரையே இறுதிவரை பயன்படுத்தினார்.

போர்க்காலப் பணி

இரண்டாம் உலகப் போரின்போது, 1943-இல், ஹாப்பர் அமெரிக்கக் கடற்படையின் சேமப் படையில் சேர்ந்தார். அவரது வயது கூடுதலாகவும் உடல் எடை விதித்த அளவைவிடக் குறைவாகவும் இருந்ததால் சிறப்பு அனுமதி பெற்றே சேர முடிந்தது. பயிற்சியில் முதலிடம் பெற்ற அவர், 1944-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஹோவர்டு ஏய்க்கன் தலைமையில் நடைபெற்ற கணிப்புத் திட்டத்திற்கு அனுப்பப்பட்டார்.

அங்கு மார்க் I என்னும் மின்பொறிக் கணினி இருந்தது. சுமார் 51 அடி நீளமும் 8 அடி உயரமும் கொண்ட அப்பொறிக்கு, துளையிட்ட காகித நாடா மூலம் கட்டளைகள் தரப்பட்டன. அதன் முதல் நிரலாளர்களுள் ஹாப்பரும் ஒருவர். அதனை இயக்கும் முறையை விளக்கி அவர் பெரும்பகுதி எழுதிய கையேடு, ஐந்நூறு பக்கங்களுக்கும் மேற்பட்ட நூலாக 1946-இல் வெளியானது.

ஒருமுறை எழுதிச் சரிபார்த்த நிரல் துண்டுகளை ஹாப்பரும் அவருடன் பணியாற்றியவர்களும் தம் குறிப்பேடுகளில் எழுதி வைத்துக்கொண்டனர். தேவைப்படும்போது ஒருவர் குறிப்பேட்டிலிருந்து மற்றவர் படியெடுத்தார். பிற்காலத்தில் உருவான துணைநிரல் தொகுப்புகளுக்கு இப்பழக்கம் ஒரு முன்னோடி எனலாம்.

பூச்சி நிகழ்வு

1947 செப்டம்பர் 9 அன்று மார்க் II கணினி தவறாக இயங்கியது. இயக்குநர்கள் சோதித்தபோது, ஓர் உணர்த்தியில் (ரிலே) விட்டில் பூச்சி ஒன்று சிக்கி இறந்திருப்பதைக் கண்டனர். அப்பூச்சியைப் பணிப்பதிவேட்டில் ஒட்டி, பிழைக்குக் காரணமான பூச்சி அகப்பட்டது என்று வேடிக்கையாகக் குறித்தனர். அப்பதிவேடு தற்போது சுமித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஆங்கிலத்தில் பிழையைப் பூச்சி எனக் கூறும் வழக்கு இந்நிகழ்விலிருந்து தோன்றியது என்றும், பூச்சியைக் கண்டவர் ஹாப்பரே என்றும் பரவலாகக் கூறப்படுகிறது. இவ்விரண்டும் சரியல்ல. இச்சொல்வழக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே எடிசன் உள்ளிட்ட பொறியாளர்களிடையே இருந்தது. பூச்சியைக் கண்டவர்கள் கணினியை இயக்கியவர்கள். ஹாப்பர் இந்நிகழ்வைத் தம் உரைகளில் பலமுறை எடுத்துரைத்ததால் அது அவர் பெயருடன் இணைந்துவிட்டது.

தொகுப்பியின் தோற்றம்

1949-இல் ஹாப்பர் பிலடெல்பியாவில் இருந்த எக்கர்ட்-மாக்லி கணினி நிறுவனத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அந்நிறுவனத்தை ரெமிங்டன் ராண்டு நிறுவனம் வாங்கியது. அங்கு பைனாக் கணினிக்கு எட்டடிமான எண்களில் நிரல் எழுதக் கற்ற ஹாப்பர், தம் வங்கிக் கணக்கிலும் தம்மை அறியாமல் எட்டடிமானத்திலேயே கழித்து வந்தார். மாதக் கணக்கில் இருப்பு ஒத்துவராமல் போக, வங்கிப் பணியில் இருந்த அவர் சகோதரர் தவறைக் கண்டறிந்தார். மனிதர் பொறியின் மொழிக்கு இறங்கிச் செல்வதைவிடப் பொறி மனிதரின் மொழிக்கு வருவதே முறை என்ற கருத்தை விளக்க ஹாப்பர் இந்நிகழ்வைக் கூறுவதுண்டு.

யூனிவாக் I கணினிக்கு நிரல் எழுதியபோது மற்றொரு சிக்கல் வெளிப்பட்டது. ஒரு துணைநிரலை வேறொரு நிரலில் சேர்க்க வேண்டுமானால், அதிலுள்ள நினைவக முகவரிகள் ஒவ்வொன்றுடனும் ஓர் எண்ணைக் கூட்டி, முழுவதையும் கையால் படியெடுக்க வேண்டும். நிரலாளர்கள் கூட்டலில் தவறினர், படியெடுப்பதிலும் தவறினர். வெற்றிடத்தைக் குறிக்கும் முக்கோணக் குறியைக் கவனமின்றி எழுதினால் அது 4 எனத் தோன்றியது. ஆங்கில எழுத்தான பி, 13 என வாசிக்கப்பட்டது. இத்தகைய ஓர் எழுத்துப் பிழையால், சரியான துணைநிரலும் தவறான விடை தந்தது. கூட்டுவதும் படியெடுப்பதும் கணினி பிழையின்றிச் செய்யக்கூடிய பணிகள் என்பதால், அவற்றைக் கணினியிடமே விட ஹாப்பர் முடிவு செய்தார்.

இதன் விளைவாக உருவானது ஏ-0 என்னும் தொகுப்பி (1952). துணைநிரல்கள் காந்த நாடாவில் சேமிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்பெண் தரப்பட்டது. நிரலாளர் தமக்குத் தேவையான அழைப்பெண்களை வரிசையாக எழுதித் தந்தால், ஏ-0 அவற்றை நாடாவிலிருந்து எடுத்து, முகவரிகளைத் திருத்தி, முழு நிரலாக இணைத்துத் தந்தது. நிரலின் பின்பகுதிக்குத் தாவும் கட்டளைகள் மட்டும் இடர் தந்தன. தாவ வேண்டிய இடம் அப்போது இன்னும் உருவாகியிராது. கல்லூரி நாட்களில் கூடைப்பந்து ஆடிய ஹாப்பர், பந்தை இன்னும் வந்து சேராத ஆட்டக்காரருக்காக முன்கூட்டியே எறியும் உத்தியை நினைவுகூர்ந்து, நினைவகத்தின் ஒரு மூலையை இடைநிலையமாகப் பயன்படுத்தி இதனைத் தீர்த்தார்.

இன்றைய வழக்கில் ஏ-0 ஒரு தொகுப்பி என்பதைவிட, நிரல் துண்டுகளை இணைக்கும் இணைப்பி எனக் கூறுவதே பொருந்தும். எனவே முதல் தொகுப்பி எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அதே காலத்தில் இங்கிலாந்தில் அலிக் கிளென்னி ஆட்டோகோடு என்னும் தொகுப்பியை உருவாக்கினார்.

கணினி எண்களைக் கணக்கிடுமே அன்றி நிரல் எழுதாது என்று கருதிய பலர் ஹாப்பரின் தொகுப்பியைத் தொடக்கத்தில் ஏற்கவில்லை.

பிழை அறிவிப்பில் தொகுப்பியின் பங்கு

தொகுப்பிகள் படியெடுக்கும் பிழைகளை நீக்கினாலும் புதிய பொறுப்பு ஒன்றை உருவாக்கின. நிரலாளர் எழுதுவது ஒன்று, கணினி இயக்குவது வேறொன்று என்று ஆனபின், பிழை எந்த வரியில், எதனால் நேர்ந்தது என்பதை நிரலாளர் எழுதிய சொற்களிலேயே தெரிவிக்க வேண்டியது தொகுப்பியின் கடமையாயிற்று. இயந்திர முகவரியை மட்டும் காட்டும் அறிவிப்பு, அம்முகவரியைத் தாம் எழுதாத ஒருவருக்குப் பயன்படாது.

கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினியில் பணியாற்றிய ஸ்டான்லி கில், நிரற்பிழைகளைக் கண்டறியும் முறைகள் பற்றி 1951-இலேயே ஆய்வுக் கட்டுரை எழுதினார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 1965-இல் மாணவர்களுக்காக உருவான வாட்ஃபோர் என்னும் போர்ட்ரான் தொகுப்பி, விரிவான பிழை அறிவிப்புகளுக்காகப் புகழ்பெற்றது. எல்ம், ரஸ்ட் போன்ற அண்மைக்கால மொழிகளின் தொகுப்பிகள் பிழையைச் சுட்டுவதோடு, பலவேளைகளில் திருத்தும் வழியையும் கூறுகின்றன.

ஃபுளோ-மேட்டிக்கும் கோபோலும்

வணிகத் துறையினர் கணிதக் குறியீடுகளைவிடச் சொற்களையே விரும்புவர் என ஹாப்பர் கருதினார். கணினிக்கு ஆங்கிலம் புரியாது என்று அவரது முன்மொழிவு முதலில் மறுக்கப்பட்டது. ஆங்கிலச் சொற்களுக்குப் பதிலாகப் பிரெஞ்சு, செருமானியச் சொற்களை இட்டும் அதே நிரல் இயங்குவதை அவர் செய்துகாட்டினார். அமெரிக்கக் கணினி அயல்மொழியை ஏற்பது கண்டு நிருவாகத்தினர் திகைத்தனர். தொகுப்பியைப் பொறுத்தவரை எம்மொழிச் சொல்லும் ஒரு குறியீடே என்பது அவர் காட்டிய உண்மை. தமிழ்ச் சொற்களைக் கட்டளைகளாகக் கொண்ட எழில் போன்ற நிரல்மொழிகளுக்கும் இது பொருந்தும்.

1959-இல் அமெரிக்க அரசும் கணினி நிறுவனங்களும் இணைந்து பொதுவான வணிக மொழி ஒன்றை உருவாக்க முற்பட்டன. இம்முயற்சியில் ஹாப்பர் தொழில்நுட்ப ஆலோசகராக இருந்தார். கோபோலை வடிவமைத்தது ஒரு குழு. ஆயினும் ஃபுளோ-மேட்டிக்கின் தாக்கம் அதில் மிகுதி. 1960 டிசம்பரில், ஏறத்தாழ ஒரே கோபோல் நிரல் இரு வேறு நிறுவனங்களின் கணினிகளில் வெற்றிகரமாக இயக்கப்பட்டது.

மீண்டும் கடற்படையில்

1966 இறுதியில் ஓய்வுபெற்ற ஹாப்பர், 1967 ஆகஸ்டில் ஆறு மாதப் பணிக்கு மீண்டும் அழைக்கப்பட்டார். அப்பணி ஏறத்தாழ பத்தொன்பது ஆண்டுகள் நீடித்தது. ஒவ்வொரு நிறுவனத்தின் கோபோல் தொகுப்பியும் வெவ்வேறு விதமாக நடந்துகொண்டதால், செந்தரத்தைப் பின்பற்றுகிறதா எனச் சோதிக்கும் நிரல் தொகுதிகளை அவர் குழு உருவாக்கியது. பிழை நிரலாளருடையதா தொகுப்பியுடையதா என்று பிரித்தறிய இவை உதவின.

தம் உரைகளில், ஒளி ஒரு நானோ நொடியில் செல்லும் தொலைவைக் காட்ட ஏறத்தாழ 30 செ.மீ. நீளமுள்ள கம்பித் துண்டுகளை அவையோருக்கு வழங்குவார். 1986-இல், 79 வயதில், ரியர் அட்மிரல் நிலையில் ஓய்வுபெற்றார். பின்னர் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் ஆலோசகராக இருந்தார். 1992 சனவரி 1 அன்று வர்சீனியா மாநிலத்தின் ஆர்லிங்டனில் காலமானார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் படைத்துறை மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார்.

இந்தியாவில் தாக்கம்

கோபோல் நிரல்கள் பலவற்றில் ஆண்டைக் குறிக்க இரண்டு இலக்கங்களே பயன்பட்டதால், 2000ஆம் ஆண்டு நெருங்கியபோது அவற்றைத் திருத்த வேண்டியதாயிற்று. 1990களின் பிற்பகுதியில் இப்பணி இந்திய மென்பொருள் நிறுவனங்களுக்குப் பெருமளவில் கிடைத்தது. பொறியியல் பட்டதாரிகள் பலர், தாம் பிறக்குமுன் எழுதப்பட்ட நிரல்களைப் படித்துத் திருத்தினர்.

விருதுகளும் நினைவுச் சின்னங்களும்

1991-இல் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் பெற்றார். 2016-இல், மறைவுக்குப் பின், குடியரசுத் தலைவரின் விடுதலைப் பதக்கம் வழங்கப்பட்டது. அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பல் ஒன்றும், யேல் பல்கலைக்கழகத்தின் கல்லூரி ஒன்றும் இவர் பெயரைத் தாங்கியுள்ளன. கணினித் துறைப் பெண்களுக்காக 1994-இல் தொடங்கிய கிரேஸ் ஹாப்பர் மாநாடு, 2010 முதல் இந்தியாவிலும் நடத்தப்பட்டு வந்துள்ளது.