ஏட்டில் ஏறாத பெயர்

சதுரங்கம் பிறந்த நாடு நம் நாடு என்று பெருமை பேசுகிறோம். அந்த ஆட்டத்தில் ஐரோப்பிய வல்லுநர்களை அவர்களுடைய அரங்கிலேயே வென்று காட்டிய மீர் சுல்தான்கானை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? மாணவ நண்பர்கள் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அவருடையது.

1903ஆம் ஆண்டை ஒட்டி, இன்று பாகிஸ்தானில் இருக்கும் மிட்டா திவானா என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். ஒன்பதாம் வயதில் தந்தையிடம் ஆட்டம் கற்றார். அன்றைய நம் நாட்டு முறையில் காலாள் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டமே செல்லும். ஐரோப்பிய முறையில் இரண்டு கட்டம் செல்லலாம். அரசனுக்குக் கோட்டை கட்டும் விதியும் வேறு. எனவே மேலை முறையை வளர்ந்த பின்னரே பயின்றார். சர் உமர் ஹயாத்கான் என்னும் பெருநிலக்கிழார் அவரை ஆதரித்தார்.

1928இல் அகில இந்தியப் போட்டியில் ஒன்பது ஆட்டங்கள் ஆடி எட்டில் வென்றார், ஒன்று சமநிலை. வெற்றிக்கு ஒரு புள்ளி, சமநிலைக்கு அரைப் புள்ளி. ஆக எட்டரைப் புள்ளிகள். மறு ஆண்டே ஆதரவாளருடன் இங்கிலாந்து சென்று பிரிட்டிஷ் பட்டத்தை வென்றார். 1932இலும் 1933இலும் மீண்டும் அதே பட்டம்! ஹேஸ்டிங்ஸ் நகரில் 1930-31 போட்டியில், முன்னாள் உலக வீரர் காப்பபிளாங்காவையே வீழ்த்தினார். மலேரியாவும் இங்கிலாந்தின் குளிரும் அவரை வாட்டின, ஆட்டம் தளரவில்லை.

1933இன் இறுதியில் ஆதரவாளர் தாயகம் திரும்பினார். சுல்தான்கானும் திரும்பினார். அத்துடன் உலக அரங்கு அவருக்கு மூடிற்று. 1950இல் உலகச் சதுரங்கக் கழகம் முதன்முதலாகக் கிராண்ட்மாஸ்டர் பட்டங்களை வழங்கியது. நெடுநாளாக அரங்கைவிட்டு விலகியிருந்த ரூபின்ஸ்டைனின் பெயர் அப்பட்டியலில் இருந்தது. 1931இல் பிராகாவில் அவரை வென்ற சுல்தான்கானின் பெயர் இல்லை. 1966இல் சர்கோதாவில் அவர் மறைந்தார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1970இல், அமெரிக்கப் பௌதிகப் பேராசிரியர் அர்பாத் ஈலோ வகுத்த தரப்புள்ளி முறையைக் கழகம் ஏற்றது. அதன் கணக்கு எளிது. இருவரின் தரப்புள்ளி வேறுபாட்டைக் கொண்டு, எவர் எவ்வளவு பெறக்கூடும் என்று முன்கூட்டியே மதிப்பிடுவர். 200 புள்ளி உயர்ந்தவர் நூறு ஆட்டங்களில் ஏறக்குறைய 76 புள்ளிகள் பெறுவார் என்பது எதிர்பார்ப்பு. எதிர்பார்த்ததை விஞ்சினால் தரம் உயரும், குறைந்தால் இறங்கும். ஓர் ஆட்டத்தில் 20 புள்ளி வரை மாறலாம் என்று கொண்டால், அத்தகையவரை வெல்பவருக்கு 15 புள்ளி சேரும். தோற்றால் ஐந்தே குறையும்.

இந்தக் கணக்கு குலம் கேட்பதில்லை, செல்வம் கேட்பதில்லை. பெங்களூர் நீலசந்திராவின் மாணவனுக்கும் மாஸ்கோ மாணவனுக்கும் விதி ஒன்றே. ஆயினும் அங்கீகாரம் பெற்ற போட்டியில் ஆடிய ஆட்டத்தை மட்டுமே அது எண்ணும். நுழைவுக் கட்டணமும் பயணச் செலவும் இல்லாதவனின் திறமை எந்தக் கணக்கிலும் ஏறாது.

2024இல் உலகக் கழகம் சுல்தான்கானுக்குக் கௌரவக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியது. அவர் மறைந்து ஏறக்குறைய 58 ஆண்டுகள் ஆகியிருந்தன. திறமையை அளக்கக் கற்றுக்கொண்டோம். திறமையுடையோரை அரங்குவரை அழைத்து வரும் வழியையும் அமைப்போமாக!