வள்ளுவரைப் பொன்னில் பொறித்த எல்லீசர்

பூட்டு என்றால் திண்டுக்கல், மலைக்கோட்டை என்றால் திண்டுக்கல் என்று நாம் பெருமையோடு சொல்லிக் கொள்கிறோம். ஆனால் திருவள்ளுவரின் திருவுருவத்தைப் பொற்காசில் பொறித்த பெருமைக்கு உரியவர் என்று அறிஞர் போற்றும் ஒருவர், நம் திண்டுக்கல் மண்ணில்தான் அடக்கமாகியிருக்கிறார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்தாம் பிரான்சிஸ் வைட் எல்லிஸ். தமிழ்ப் பற்றால் தம் பெயரையே எல்லீசன் என்று மாற்றி வழங்கியவர்.

1777-ஆம் ஆண்டு பிறந்த எல்லிஸ், 1796-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னையில் பணியேற்றார். படிப்படியாக உயர்ந்து 1810-இல் சென்னைக் கலெக்டரானார். ஆட்சிப் பணி எவ்வளவு இருந்தாலும், தமிழ்ப் புலவர்களை அடுத்துப் பாடம் கேட்பதை அவர் விடவில்லை. புதிதாக வரும் ஆங்கில அதிகாரிகள் நம் மொழிகளை முறையாகக் கற்க வேண்டும் என்று, 1812-இல் சென்னைக் கோட்டைக் கல்லூரி தோன்ற முன்னின்று உழைத்தார். தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியவை ஒரே குடும்பத்து மொழிகள் என்பதை, காம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கண நூலின் முன்னுரையில் 1816-இல் எடுத்துக் காட்டினார். கால்டுவெல் தம் புகழ்பெற்ற ஒப்பிலக்கணத்தை வெளியிட்டது அதற்கு 40 ஆண்டுகள் கழித்து, 1856-இல்தான்.

நம் வீரமாமுனிவருக்கும் எல்லிசுக்கும் உள்ள தொடர்பு நமக்கு மிகவும் இனிப்பது. முனிவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகி, அவருடைய ஏடுகள் ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடித் திரட்டி வருமாறு முத்துசாமிப் பிள்ளை என்னும் கத்தோலிக்கத் தமிழறிஞரை எல்லிஸ் அனுப்பி வைத்தார். அப்பிள்ளையவர்களே பின்னர் வீரமாமுனிவரின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார்.

இனிக் காசின் கதைக்கு வருவோம். அக்காலத்தில் சென்னையில் வராகன் என்ற பொற்காசு வழங்கியது. ஒரு பக்கம் திருமாலின் உருவமும், மறுபக்கம் நட்சத்திரமும் கொண்ட வராகன் பெயர் பெற்றது. வெள்ளிக்கு வேறு வழி கண்டனர். 1807, 1808-ஆம் ஆண்டுகளில் கப்பலில் வந்த ஸ்பானிய வெள்ளிக் காசுகளை உருக்காமல், அவற்றின் மேலேயே புதிய முத்திரையை அடித்து அரை வராகனாகவும் இரண்டு ரூபாயாகவும் வெளியிட்டனர். அத்தகைய காசு சிலவற்றை உற்று நோக்கினால், புதிய எழுத்துக்களின் அடியில் பழைய முத்திரையின் சுவடு இன்றும் தெரியும். பழங்காசுகளை ஆராய்வோருக்கு இச்சுவடுகளே ஏடுகள். காசு எங்கே பிறந்தது, எக்கடல் கடந்து வந்தது, எவர் கையில் மறுபிறவி எடுத்தது என்பதையெல்லாம் அவை சொல்லும்.

கருவூலமும் நாணயசாலையும் தம் பொறுப்பில் இருந்தபோது, எல்லிஸ் ஒரு புதிய பொற்காசுக்கு வடிவம் தந்தார். அதன் ஒரு பக்கத்தில் குடையின் கீழ் அமர்ந்த வள்ளுவர். மறுபக்கத்தில் சென்னையின் நட்சத்திரம். 1818-இல் ரூபாய் முறை வந்ததும் வராகன் வழக்கொழிந்தது. வள்ளுவர் காசும் மறக்கப்பட்டது.

அதே காலத்தில் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் ஏற்பட்டபோது எல்லிஸ் 27 கிணறுகளை வெட்டுவித்தார். இராயப்பேட்டைக் கிணற்றருகே அவர் நாட்டிய கல்வெட்டு, தமிழ்ச் செய்யுளாகவே அமைந்து, குறளையும் எடுத்தாளுகிறது. வள்ளுவரை அவர் காசில் மட்டும் பொறித்து நின்றுவிடவில்லை. வள்ளுவர் சொன்னபடி நடக்கவும் முயன்றார் என்பதற்கு அக்கல்லே சான்று.

முழுப் புலமை பெற்று, நாற்பது வயதைக் கடந்த பிறகே நூல்களை வெளியிடுவது என்று எல்லிஸ் உறுதி கொண்டிருந்தார். ஆனால் காலம் காத்திருக்கவில்லை. 1819 மார்ச் மாதம் இராமநாதபுரத்தில் உயிர் நீத்தார். உடல் திண்டுக்கல்லில் அடக்கம் செய்யப்பட்டது. குறளில் ஏறத்தாழ 120 பாக்களுக்கு அவர் எழுதிய மொழிபெயர்ப்பும் விளக்கமும் முற்றுப் பெறாமலே நின்றன. அவருடைய உடைமைகள் ஏலத்தில் போயின. அரிய கையெழுத்துத் தாள்கள் பலவும் மதுரையில் ஒரு சமையற்காரருக்கு மாதக்கணக்கில் அடுப்பு மூட்டப் பயன்பட்டன என்ற செய்தி நம் நெஞ்சைச் சுடுகிறது.

எஞ்சிய சில தாள்களைக் காத்தவர் வால்டர் எலியட். தென்னிந்திய நாணயங்களைப் பற்றி 1886-இல் நூல் வெளியிட்ட அறிஞர் அவர். அவரிடமிருந்து அத்தாள்கள் ஜி. யு. போப் ஐயருக்குக் கிடைத்து, பின்னர் ஆக்ஸ்போர்டு பாட்லியன் நூலகத்தைச் சேர்ந்தன.

பொற்காசோ கல்கத்தா அருங்காட்சியகத்தில் உறங்கிக் கிடந்தது. எல்லிஸ் மறைந்து 175 ஆண்டுகள் கழித்து, 1994-இல், கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அதை ஆராய்ந்து, அதில் இருப்பவர் வள்ளுவரே என்று உலகுக்கு உணர்த்தினார். தாள் எரிந்தது, பொன் பேசியது.

மாணவச் செல்வங்களே! நம் வீட்டுப் பரணிலும் பாட்டியின் சுருக்குப் பையிலும் தேய்ந்த காசுகள் இருக்கலாம். மடங்கிய பழந்தாள்களும் இருக்கலாம். காசைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம், சுவடு அழிந்துவிடும். தாளைப் பழைய பேப்பர்காரரிடம் போடுமுன் ஒருமுறை படித்துப் பார்ப்போம். புரியாவிட்டால் ஆசிரியரிடம் காட்டுவோம். நம் மண்ணில் உறங்கும் எல்லீசருக்கு நாம் செலுத்தக் கூடிய நன்றிக்கடன் அதுவே.