கண்ணுக்குத் தெரியாததை எடைபோட்டவர்

சேர்வராயன் மலையில் பெய்யும் மழை, ஏற்காட்டின் காபித் தோட்டங்கள் வழியே இறங்கி ஓடைகளாகிறது. அம்மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு, சேலம் நகரின் ஊடே பாய்ந்து, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. மலையில் தெளிந்து ஓடும் நீர், நகரைத் தாண்டும்போது சாக்கடையையும் சாயக்கழிவையும் சுமந்து செல்வதைச் சேலத்து மக்கள் அறிவர். நிறம் மாறினால் கண் சொல்லிவிடும். நாற்றம் வந்தால் மூக்கு சொல்லிவிடும். நிறமும் மணமும் இன்றிக் கலந்திருக்கும் நஞ்சை நமக்கு யார் சொல்வது?

இந்தக் கேள்விக்கு விடை காணும் வழியைத் திறந்தவர் ஜே. ஜே. தாம்சன். எலக்ட்ரானைக் கண்டுபிடித்தவர் என்று பள்ளியில் நாம் படித்த அதே தாம்சன்தான். அவருடைய வாழ்வைச் சற்றே சிந்திப்போம்.

1856-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள், இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகருக்கு அருகே தாம்சன் பிறந்தார். தந்தை புத்தக வியாபாரி. மகனைப் பொறியாளராக்க வேண்டும் என்பது அவர் கனவு. தாம்சனுக்கு 16 வயதானபோது தந்தை இறந்துபோனார். பொறியாளரிடம் தொழில் பழகுவதற்குக் கட்ட வேண்டிய தொகை, கைம்பெண்ணான தாயின் சக்திக்கு மீறியதாக இருந்தது. எனவே, உதவித்தொகையை நம்பிக் கணிதமும் இயற்பியலும் படித்தார். 1876-ல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். 1884-ல், தம் 28-ஆம் வயதில், புகழ்பெற்ற கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தின் பேராசிரியரானார்.

ஆய்வுக்கூடத் தலைவருக்கு ஒரு குறை இருந்தது. அவருடைய கைகளுக்கு நுட்பமான கருவிகளைக் கையாளும் பக்குவம் இல்லை. கண்ணாடியை ஊதி, குழாய்களைச் செய்து, கருவிகளை இயக்கியவர் அவருடைய உதவியாளர் எபனேசர் எவரெட். சிந்தனை ஒருவருடையது, கைத்திறன் மற்றவருடையது. 1897-ல் உலகுக்கு எலக்ட்ரான் தெரியவந்தது இந்த இருவரின் உழைப்பால்தான். 1906-ல் தாம்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பரிசோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. காற்றை ஏறக்குறைய முழுவதும் வெளியேற்றிய குழாயில் மின்சாரத்தைப் பாய்ச்சி, அதில் உண்டாகும் நேர்மின் துகள்களை மின்புலமும் காந்தப்புலமும் உள்ள இடத்தின் வழியே செலுத்தினார். ஒரே அளவு மின்னேற்றம் கொண்ட துகள்களில் இலேசானது அதிகம் வளையும், கனமானது குறைவாக வளையும். எனவே ஒவ்வொரு வகைத் துகளும் புகைப்படத் தகட்டில் தனக்கெனத் தனியான வளைகோட்டை வரைந்தது. 1912-13 ஆண்டுகளில் நியான் வாயுவைச் சோதித்தபோது, 20 என்ற நிறைக்கு ஒரு கோடும், 22 என்ற நிறைக்கு மற்றொரு கோடும் விழுந்தன. ஒரே தனிமத்திற்கு இரு எடைகள்! அவருடன் பணியாற்றிய ஆஸ்டன், 1919-ல் இம்முறையை மேலும் செம்மைப்படுத்தினார். நிறை நிறமாலைமானி, அதாவது மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், வளர்ந்த கதை இதுவே.

மிகச் சிறிதளவு பொருளையும், அது பிறவற்றோடு கலந்திருந்தாலும், இந்த முறையால் அடையாளம் காணலாம் என்று தாம்சன் 1913-லேயே தம் நூலில் வேதியியலாருக்கு எடுத்துச் சொன்னார். தவறாமல் ஆலய வழிபாட்டில் பங்கேற்ற ஆங்கிலிக்கன் சபையினர் அவர். 1940-ல், 83 வயதில் அவர் மறைந்தபோது, தம் கருவி ஆறுகளுக்கும் கிணறுகளுக்கும் காவலாக நிற்கும் என்பதைக் காணவில்லை. விதைத்தவர் ஒருவர், அறுப்பவர் வேறொருவர்.

அன்று ஓர் அறையை நிறைத்த கருவி, இன்று ஒருவர் தூக்கிச் செல்லும் அளவிற்குச் சுருங்கியுள்ளது. 1950-களில் ஜெர்மானியரான வுல்ஃப்காங் பால் உருவாக்கிய அயனிப் பொறி இதற்குப் பெரிதும் உதவியது. பென்சீன், டொலுயீன் போன்ற எளிதில் ஆவியாகும் நஞ்சுகளைப் பொறுத்தவரை இது பெரும் பேறு. புட்டியில் அடைத்து ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பும் வழியிலேயே அவற்றில் ஒரு பகுதி பறந்துபோகலாம். களத்திலேயே சோதித்தால் சில நிமிடங்களில் விடை தெரியும். ஆனால் கருவியின் விலை அதிகம். ஆய்வுக்கூடக் கருவியின் நுட்பமும் இதற்கு முழுமையாக இல்லை. எனவே, ஐயம் எழுந்தால் ஆய்வுக்கூடத்திலும் உறுதி செய்ய வேண்டும்.

பெயர் தெரிவதால் என்ன பயன் என்று நாம் கேட்கலாம். 1984-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் இரவில் போபாலை நச்சுவாயு சூழ்ந்தது. மருத்துவமனைக்கு ஓடி வந்த ஆயிரக்கணக்கானோரின் உடலில் புகுந்தது எந்த வாயு என்பது மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. எதிரியின் பெயர் தெரியாமல் எந்த மருந்தைக் கொடுப்பது?

நம் தமிழகத்திலும் ஒரு பாடம் உண்டு. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கிராம மக்கள், தாங்கள் சுவாசிக்கும் காற்றின் நாற்றத்தைப் பற்றிப் பல ஆண்டுகள் முறையிட்டனர். 2004-ல் அவர்களே ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் பையைப் பொருத்திக் காற்றைப் பிடித்து, அமெரிக்க ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பினர். முடிவில் 22 நச்சு வேதிப்பொருள்களின் பெயர்கள் வெளிவந்தன. அதுவரை நாற்றம் என்று மட்டுமே சொல்ல முடிந்த ஏழைகளின் புகாருக்கு, அன்று சான்று கிடைத்தது.

ஏற்காட்டுக்கும் இது தொலைவான செய்தியன்று. தண்டுத் துளைப்பானை ஒழிக்க நம் நாட்டுக் காபித் தோட்டங்களில் நெடுங்காலம் பயன்பட்ட லிண்டேன், மண்ணில் எளிதில் சிதையாத பூச்சிக்கொல்லி. 2013-ல்தான் அதன் பயன்பாட்டிற்கு இந்தியாவில் தடை வந்தது. தடை தாளில் வந்துவிடும். மண்ணும் நீரும் தூய்மையாகிவிட்டனவா என்பதைச் சோதனைதான் சொல்லும்.

தாம்சனுக்கு ஓர் எவரெட் தேவைப்பட்டார். அவருடைய கருவிக்கும் மனிதர்கள் தேவை. கருவி நஞ்சின் பெயரைச் சொல்லும். எந்தக் கிணற்றருகே அதை வைக்க வேண்டும் என்பதை, அந்தக் கிணற்று நீரைக் குடிக்கும் மக்களே சொல்ல முடியும். தண்ணீர் சரியில்லை என்று ஒரு தோட்டத் தொழிலாளியோ ஆற்றோரக் குடும்பமோ சொல்லும்போது, அதற்குச் செவிமடுப்போம். சோதித்துப் பாருங்கள் என்று அவர்களோடு சேர்ந்து கேட்போம்.