உயிரணுவின் பசியை அறிந்தவர்

புற்றுநோய் என்று ஒரே பெயரால் அழைக்கிறோம். ஆயினும் அது பல நோய்களின் கூட்டம். தோலிலும் உறுப்புகளின் உட்சுவரிலும் தோன்றுவது ஒருவகை. எலும்பிலும் தசையிலும் தோன்றுவது மற்றொரு வகை. நெறிதவறிப் பெருகும் உயிரணுக்களை இனங்கண்டு கொல்ல இரத்தத்தில் வெள்ளணுக்கள் காவல் புரிகின்றன. அந்தக் காவலரே கலகம் செய்தால்? அதுதான் இரத்தப் புற்று. குழந்தைகளை வாட்டும் அந்நோய்க்கு முதன்முதல் மருந்து சமைத்தவர், சென்னையில் படித்த டாக்டர் எல்லப்பிரகட சுப்பாராவ்.

அவர் 1895-இல் ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் பிறந்தார். அண்ணனை ‘ஸ்ப்ரூ’ என்னும் குடல்நோய் கொண்டுபோயிற்று. சென்னை மருத்துவக் கல்லூரியில் காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்தார்; ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. பின்னர் பாஸ்டன் சேர்ந்தார். மருத்துவமனையில் இரவில் ஏவலாளாக உழைத்துக்கொண்டே ஹார்வர்டில் பயின்றார்.

1925-இல் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து பாஸ்பரஸை அளக்கும் முறையை வகுத்தார். தில்லியில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் அம்முறையை நான் கையாண்டிருக்கிறேன். சோதனைக் குழாயில் நீலநிறம் படரும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

1940-இல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். 1945-இல் அவர் குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். அண்ணனைப் பலிகொண்ட ஸ்ப்ரூவுக்கு அது மருந்தாயிற்று. ஆனால் இரத்தப் புற்றுக்கு அதுவே உணவாயிற்று! அதைக் கொடுத்ததும் நோய் விரைந்து பெருகுவதைப் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் கண்டார்.

உயிரணு இரண்டாகப் பிரியப் புதிய டி.என்.ஏ. வேண்டும், அதை ஆக்க ஃபோலிக் அமிலம் வேண்டும். அச்சத்தைப் போலத் தோன்றி உயிரணுவை ஏமாற்றும் அமினாப்டெரினைச் சுப்பாராவ் குழு செய்தளித்தது. ஃபார்பர் அதை 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 குழந்தைகளுக்கு நோய் தணிந்தது. அந்தத் தணிவு நிலைக்கவில்லை என்பதும் உண்மையே. ஆயினும் வழி தெரிந்துவிட்டது. அதே குடும்பத்து மெத்தோட்ரெக்சேட், பிற மருந்துகளுடன் சேர்ந்து இன்றும் குழந்தைகளைக் காக்கிறது.

1948 ஆகஸ்டில், 53 வயதில், சுப்பாராவ் நியூயார்க்கில் மாரடைப்பால் காலமானார். தாயகம் திரும்பவே இல்லை.

நண்பர்களே! கதருக்காகப் பட்டத்தை இழந்தவர் அவர் என்பதை நாம் போற்றுகிறோம். நான் அதனினும் போற்றுவது ஒன்று உண்டு. பல்லாண்டு பாடுபட்டு ஆக்கிய சத்து, நோய்க்குத் துணைபோகிறது என்று தெரிந்ததும், அச்சத்துக்கு அவரே ஒரு பகையை உண்டாக்கினார். தன் கண்டுபிடிப்பைவிட நோயாளியைப் பெரிதாக எண்ணுவதே விஞ்ஞானம். ஊரைவிட்டு வந்து படிக்கும் நாம் கற்கவேண்டிய பாடமும் அதுவே.